சக்கரை இருக்கா, இல்லையா? நான்கு சோதனைகளில் எதை எடுப்பது

காலை ஏழு மணிக்கு லேப் கதவைத் திறக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் வெறும்வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் 16 வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தம் எடுக்க இரண்டு நிமிடம் போதும். "அம்மிணி, எந்த டெஸ்ட் எடுத்தா சரியாத் தெரியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நேரம் போகிறது.

போன வருடம் ஒரு அக்கா மூன்று காகிதங்களோடு வந்தார். 44 வயது, தறி ஓட்டுகிறவர். ஊரில் நடந்த முகாமில் விரலில் குத்திப் பார்த்தபோது 138. அதற்குப் பயந்து டவுனுக்குப் போய் வெறும்வயிற்றில் ரத்தம் கொடுத்தார்: 109. அங்கேயே மூன்று மாதச் சக்கரையின் கணக்கைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையும் எடுத்திருக்கிறார்கள்: 6.6. அந்த 6.6 மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் "நீரிழிவு" என்ற வரியோடு அச்சாகியிருந்தது. மூன்று வாரமாக அவர் சோற்றைத் தொடவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. "மூணும் மூணு விதமாச் சொல்லுது. எது கண்ணு நெசம்?" என்று கேட்கும்போது கண் கலங்கிவிட்டது.

மூன்று எண்ணும் பொய்யில்லை. ஆனால் மூன்றும் ஒரே கேள்விக்கான பதிலும் இல்லை. அன்று அவருக்கு அவசரமாகச் சொன்னதையெல்லாம் இங்கே நிதானமாக எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. மாத்திரை, சிகிச்சை பற்றி முடிவெடுப்பது உங்கள் டாக்டர். ஆனால் எண் எப்படிப் பிறக்கிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பது என் கையால் தினமும் பார்க்கிற வேலை.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு சோதனையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, எதற்காக எடுக்கிறோம். கூட்டத்தில் யாருக்குச் சந்தேகம் என்று சலித்தெடுப்பது ஒரு வேலை. சந்தேகப்பட்டவருக்கு நோய் உண்டா என்று உறுதி செய்வது வேறொரு வேலை. நோய் உள்ளவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது. சலிக்கிற கருவியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதுதான் நான் பார்க்கும் குழப்பங்களில் பாதி.

இரண்டாவது, அதே ஆளுக்கு நாளைக்கு எடுத்தால் எண் எவ்வளவு மாறும். மூன்றாவது, சக்கரையைத் தவிர வேறு எது அந்த எண்ணை ஏற்றும், இறக்கும். நான்காவது, உங்கள் கையிலிருந்து போவது: பணம் மட்டுமல்ல, அரைநாள் கூலியும். ஐந்தாவது, முடிவு தப்பாக வந்தால் அதனால் என்ன கெடும்.

இந்த ஐந்துக்கும் பின்னால் ரிப்போர்ட்டில் அச்சாகாத ஒரு தகவல் இருக்கிறது: நீங்கள் யார் என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சோதனை நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, நோய் இல்லாத 100 பேரில் 10 பேரைத் தவறாகச் சந்தேகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிப் பிள்ளைகள் 1000 பேரில் உண்மையில் 30 பேருக்குத்தான் நோய் என்றால், சோதனை அதில் 27 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 970 பேரில் 97 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக 124 பேர் பயந்து நிற்பார்கள். அதில் நிஜமாக நோய் உள்ளவர் 27 பேர். இதே சோதனையை ஐம்பது வயது தாண்டிய, அப்பா அம்மாவுக்கும் சக்கரை உள்ள 1000 பேரிடம் செய்கிறோம். அவர்களில் 250 பேருக்கு நோய் என்றால், பிடிபடும் 300 பேரில் 225 பேருக்கு நிஜமாகவே நோய் இருக்கும். கருவி மாறவில்லை, ரத்தம் எடுத்த கையும் மாறவில்லை. "பாசிட்டிவ்" என்ற சொல்லின் எடை மட்டும் மாறிவிட்டது. அதனால்தான் வயசு, எடை, குடும்பத்தில் யாருக்குச் சக்கரை என்று டாக்டர் கேட்கிறார். அது பேச்சுக்குக் கேட்பது இல்லை.

இன்னொன்று, அந்தக் கோடுகள். வெறும்வயிற்றில் 126, எச்பிஏ1சியில் 6.5, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200. இவை உடம்பிலேயே பிறந்த எல்லைகள் இல்லை. எந்த அளவைத் தாண்டும்போது கண்ணின் விழித்திரையில் சக்கரைப் பாதிப்பு கூடத் தொடங்குகிறது என்று பார்த்து நிபுணர்கள் கூடிப் போட்ட கோடுகள். 1997 வரை வெறும்வயிற்றுக் கோடு 140 ஆக இருந்தது. இன்றும் ஒத்த கருத்து முழுதாக இல்லை: வெறும்வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் நோய்க்கு முந்தைய நிலை என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். உலக சுகாதார நிறுவனம் அதை 110இல்தான் தொடங்குகிறது. அந்த அக்காவின் 109 ஒருவர் கணக்கில் எச்சரிக்கை, இன்னொருவர் கணக்கில் சாதாரணம். லேப் எந்தக் கணக்கை அச்சடிக்கிறதோ அதைப் பொறுத்து வீட்டில் நிம்மதியோ அழுகையோ வருகிறது. எனக்கு இது மனதை அறுக்கிற விஷயம்.

## விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர்

சலிப்பதற்கும் கண்காணிப்பதற்கும் இதைவிட எளிய கருவி இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சக்கரையும் பார்க்கிறார்கள். லேப் பக்கமே வராத எத்தனையோ பேருக்கு அப்படித்தான் முதல் சந்தேகம் வெளியே வந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மீட்டருக்கு எவ்வளவு பிழை அனுமதி என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. 2013இல் வந்த சர்வதேசத் தரவிதிப்படி, 100க்கு மேலான அளவுகளில் லேப் எண்ணிலிருந்து 15 சதவீதம் ஏறியோ இறங்கியோ காட்டலாம். அதுவும் 100க்கு 95 தடவைதான் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். லேபில் 126 என்று வரும் ரத்தம், நல்ல மீட்டரிலேயே 107 என்றும் 145 என்றும் காட்டலாம். கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பிரிக்க இந்தக் கருவி செய்யப்படவே இல்லை.

எண்ணைக் கெடுக்கும் காரணங்கள் வேறு உண்டு. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் இனிப்பும் சேர்ந்து ஏறும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதைவிட சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைப்பது மேல். மூடியைத் திறந்து வைத்த ஸ்ட்ரிப், வெயிலில் கிடந்த ஸ்ட்ரிப், தேதி முடிந்த ஸ்ட்ரிப் எதையும் நம்ப முடியாது. ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் கூட்டியே காட்டும். சாப்பிட்ட பிறகு விரல்நுனி ரத்தத்தில் இருக்கும் சக்கரை, கை நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஸ்ட்ரிப்தான். மீட்டரை ஒரு தடவை வாங்கினால் போதும். ஸ்ட்ரிப் மாதாமாதம் வாங்க வேண்டும். இன்னொரு செலவு மனசு. நோயே இல்லாதவர் வாங்கி வைத்துக்கொண்டு தினம் நாலு வேளை குத்திப் பார்த்து, 132க்கும் 141க்கும் நடுவே பயந்து சாவதைப் பார்த்திருக்கிறேன். இன்சுலின் போடுகிறவர், சக்கரை திடீரென்று இறங்கி வியர்த்து நடுங்குகிறவர், மருந்தின் அளவை டாக்டர் மாற்றிக்கொண்டிருக்கிறவர்: இவர்கள் வீட்டில் மீட்டர் இருந்தே ஆக வேண்டும். நோய் உண்டா இல்லையா என்று முடிவு கட்ட மட்டும் வேண்டாம்.

## வெறும்வயிற்றில் நரம்பு ரத்தம்

மலிவானது, எல்லா ஊரிலும் கிடைப்பது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. பால் இல்லாத காபியும் கூடாது. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் ஐந்தாறு சதவீதம் மாறும். அதாவது இன்று 126 வருகிறவருக்கு அடுத்த வாரம் 119 வரலாம், 133ம் வரலாம். அதனால்தான் 126 தாண்டியதும் "ஆமாம், நோய்" என்று சொல்லிவிடாமல் இன்னொரு நாள் எடுக்கச் சொல்கிறார்கள். லேப் தப்பு செய்தது என்பதால் இல்லை.

ஆனால் லேபும் தப்பு செய்யும். இதைச் சொல்லியே ஆக வேண்டும். ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் அதிலுள்ள அணுக்களுக்கு உயிர் இருக்கிறது. அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். எதுவும் சேர்க்காத டியூபில் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லேபில் காலை ஆறு மணிக்குக் கிராமங்களில் எடுத்த ரத்தத்தை சாதா டியூபில் ஊற்றி, பைக் பெட்டியில் போட்டு, பத்து மணிக்கு மேல்தான் மெஷினுக்குக் கொண்டு வருவார்கள். சித்திரை வெயில். 130 இருந்திருக்க வேண்டிய ரத்தம் 100 காட்டும். "நார்மல்" என்று எழுதிக் கொடுப்போம். சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். அந்தக் காகிதங்களை நம்பி இரண்டு வருடம் டாக்டரிடம் போகாமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ. நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், மாற்றவில்லை. அங்கிருந்து விலகிவிட்டேன். ஆனாலும் அந்த எண்களில் பாதி என் கையெழுத்தில் போனவை.

ஆகவே சக்கரைக்கு ரத்தம் எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். சாம்பல் மூடி டியூபில்தான் ஊற்றுகிறீர்களா? ரத்தத்தை இங்கேயே மெஷினில் ஓட்டிப் பார்க்கிறீர்களா, வேறு ஊருக்கு அனுப்புகிறீர்களா? சாம்பல் மூடி டியூபில் அணுக்கள் குளுக்கோஸைத் தின்னாமல் தடுக்கும் ஃபுளோரைடு இருக்கும். அதுவும் ஊற்றிய உடனே வேலை செய்யாது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் இழப்பு இருக்கத்தான் செய்யும். எடுத்த சீக்கிரத்தில் ரத்தத்தை மெஷினில் சுற்றி அணுக்களைத் தனியாகப் பிரிப்பதுதான் முழு மருந்து. இந்தக் கேள்வியைக் கேட்டால் கோபப்படும் லேபுக்கு அடுத்த தடவை போக வேண்டாம்.

இந்தச் சோதனைக்குப் பிறவியிலேயே ஒரு குறையும் உண்டு. நம் ஆட்களில் பலருக்கு வெறும்வயிற்று அளவு ஒழுங்காக இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் ஏறும். அவர்களை இது தவறவிட்டுவிடும்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் பயந்து இரண்டு இட்லி சாப்பிட்டு வருவார். இன்னொருவர் பொங்கல், வடை, இனிப்பு காபி முடித்து வருவார். இரண்டு எண்ணையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க முடியாது. ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவருக்கு இது பயன்படும். அவரும் தினமும் சாப்பிடுவதையே சாப்பிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு வர வேண்டும். புதிதாக நோய் உண்டா என்று பார்க்க இது ஏற்றதல்ல.

## எச்பிஏ1சி, மூன்று மாதக் கணக்கு

மக்கள் அதிகம் நம்புவது இதைத்தான், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சாயப்பட்டறை தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரத்தத்தில் ஓடும் சக்கரையைச் சாயத் தொட்டி என்று வையுங்கள், சிவப்பணுக்களை நூல் என்று வையுங்கள். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு சுற்றும். அத்தனை நாளும் அதிலுள்ள ஹீமோகுளோபின் மீது சக்கரை ஒட்டிக்கொண்டே வரும். எத்தனை சதவீதம் ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கிறது என்பதுதான் 6.6 என்ற எண். சாயம் கெட்டியாக இருந்தால் நூல் அழுத்தமாக ஏறும். ஆனால் சாயம் லேசாக இருந்தாலும், நூல் வழக்கத்தைவிட அதிக நாள் தொட்டியில் கிடந்தால் நிறம் அழுத்தமாகத்தான் வரும்.

இரும்புச்சத்துக் குறைவில் நடப்பது இதுதான். புது அணுக்கள் உருவாவது குறைகிறது, சுற்றுகிற அணுக்களில் பழையவற்றின் பங்கு கூடுகிறது. சக்கரை ஏறாமலே எச்பிஏ1சி ஏறிவிடுகிறது. பி12 குறைவிலும் இப்படி ஆகும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இல் நடந்தபோது 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கும் மேல்! அந்தப் பெண்களிடம் ஹீமோகுளோபின் கூடப் பார்க்காமல், 6.5ஐ ஒட்டி வந்த ஒரு எச்பிஏ1சியை வைத்து நோய்ப் பெயர் எழுதுவது நியாயமே இல்லை.

நேர் எதிராகவும் நடக்கும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர், அதிக ரத்தம் போனவர், சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய் உள்ளவர், சிறுநீரகம் செயலிழந்து ரத்தம் ஊற ஊசி போடுகிறவர், கர்ப்பிணி: இவர்களுக்கெல்லாம் நூல் புதிது, சாயம் ஏற நாள் இல்லை. சக்கரை கூடியிருந்தாலும் எண் குறைவாகக் காட்டும். பிறவியிலேயே ஹீமோகுளோபின் வேறு வகையாக இருப்பவர்களும் உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாளணு வகை இருப்பது 1952லேயே பதிவானது. தலசீமியா கூறு உள்ள குடும்பங்கள் சமவெளியிலும் இருக்கின்றன. இவர்களுக்கு எந்த மெஷினில் ஓட்டுகிறார்கள் என்பதே முடிவை மாற்றும். பெரிய லேப்களில் ஹீமோகுளோபினைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் மெஷின் இருக்கும். அதில் விநோதமாக ஒரு முகடு தெரிந்தால் டெக்னீஷியன் நின்று பார்ப்பார். மேசைமேல் வைத்து ஐந்து நிமிடத்தில் எண் சொல்லும் சின்னக் கருவியில் அந்த வாய்ப்பு இல்லை.

இத்தனைக்கும் பிறகு இதன் நல்ல பக்கம்: வெறும்வயிறு தேவையில்லை. நேற்று கல்யாண வீட்டில் சாப்பிட்டதும், முந்தாநாள் விரதம் இருந்ததும் பெரிதாகப் பாதிக்காது. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் இரண்டு முதல் நான்கு சதவீதம்தான் மாறும். சோதனைக்கு முன் ஒரு வாரம் மட்டும் வெந்தயத் தண்ணீர் குடித்து, நடந்து, நல்ல எண் வாங்கிப் போகும் பழக்கம் இங்கே செல்லுபடியாகாது. என்றாலும் மூன்று மாதமும் சமமாகக் கணக்கில் வராது. கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறத்தாழ பாதி.

எண்ணின் துல்லியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தரம் சரிபார்க்கப்பட்ட லேப்களுக்கே 5, 6 சதவீத வித்தியாசம் அனுமதி உண்டு. உண்மையில் 6.5 உள்ள ரத்தம் 6.2 என்றும் 6.8 என்றும் வரலாம். போன தடவை ஒரு லேபில் 6.4, இந்தத் தடவை வேறு லேபில் 6.6 என்றால் "ஏறிடுச்சு" என்று பதறக் கூடாது. 7 இருந்தது 9 ஆனால், அது நிஜமாகவே ஏறியது.

மறைந்த செலவு: வெறும்வயிற்றுச் சோதனையைவிடப் பல மடங்கு விலை. மாதாமாதம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், வீண். மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுப்பதில் பொதுவாகப் பயன் இல்லை. குழந்தையோ இளையவரோ இரண்டு வாரமாக ஓயாமல் தண்ணீர் குடித்து, ஓயாமல் சிறுநீர் கழித்து, உடல் மெலிந்தால் எச்பிஏ1சிக்குக் காத்திருக்கவே கூடாது. அது ஏற நாளாகும். அன்றைக்கே, அந்த மணிக்கே ரத்த குளுக்கோஸ் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

## குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பது

வெறும்வயிற்றில் ஒரு ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து இன்னொரு ரத்தம். 140க்குக் கீழே சாதாரணம், 140 முதல் 199 வரை நோய்க்கு முந்தைய நிலை, 200 முதல் நீரிழிவு. வெறும்வயிற்றுச் சோதனை தவறவிடுகிறவர்களை இது பிடிக்கும். உடம்புக்கு ஒரு சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை இது ஒன்றுதான்.

குறை, எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு மணி நேர எண் பதினைந்து சதவீதத்துக்கு மேலும் மாறலாம். நடுவில் கடைத்தெருவுக்கு நடந்து போய் வந்தாலோ, பீடி குடித்தாலோ எண் கெட்டுவிடும். எல்லோரும் தலைகீழாகச் செய்வது ஒன்று உண்டு. சோதனைக்கு முன் பயந்து சோற்றை விட்டுவிடுவார்கள். மாவுச்சத்தே காணாத உடம்பு திடீரென்று 75 கிராம் குளுக்கோஸைக் கண்டால் சமாளிக்கத் திணறும், எண் இருப்பதைவிடக் கூடக் காட்டும். முந்தைய மூன்று நாளும் வழக்கம்போலச் சோறு, இட்லி சாப்பிட்டிருக்க வேண்டும்.

மறைந்த செலவு, மூன்று மணி நேரம். தறிக்கும் தோட்டத்துக்கும் போகிறவருக்கு அது அரைநாள் கூலி. சிலருக்குக் குமட்டும். வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குப் பேச்சே இல்லை, குளுக்கோஸ் சோதனைதான். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா வலியுறுத்தி வந்த எளிய முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு ரத்தம் எடுக்கிறார்கள். கர்ப்பிணிக்குக் கோடு 140. முதல் பரிசோதனைக்கு வரும்போது ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. வெறும்வயிற்றோடு பஸ் ஏறி வர முடியாத பெண்ணின் நிலையை யோசித்துச் செய்த முறை என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

## ஒரு பார்வையில்

| | விரல் மீட்டர் | வெறும்வயிறு | எச்பிஏ1சி | குளுக்கோஸ் குடித்து |
|---|---|---|---|---|
| எதற்கு ஏற்றது | சலிக்க, கண்காணிக்க | நோயை உறுதி செய்ய | உறுதி செய்ய, கண்காணிக்க | மறைந்திருப்பதைப் பிடிக்க, கர்ப்பிணிக்கு |
| நீரிழிவுக் கோடு | இதை வைத்துத் தீர்ப்பில்லை | 126 | 6.5 | 200 (கர்ப்பிணிக்கு 140) |
| நாளுக்கு நாள் ஆட்டம் | கருவிப் பிழையே 15% வரை | 5-6% | 2-4% | 15%க்கு மேலும் |
| எண்ணைக் கெடுப்பது | ஈரக் கை, பழைய ஸ்ட்ரிப், ரத்தசோகை | தாமதமாக ஓட்டிய ரத்தம், காய்ச்சல் | ரத்தசோகை, ரத்தம் ஏற்றியது, சிறுநீரகம், கர்ப்பம் | சோறு விட்டிருந்தது, நடை, பீடி |
| மறைந்த செலவு | ஸ்ட்ரிப், ஓயாத பயம் | தவறான நிம்மதி | விலை, தவறான நோய்ப் பெயர் | அரைநாள் கூலி |

## இரண்டு எண் ஒத்துப்போகவில்லை என்றால்

டாக்டர்கள் பின்பற்றும் வழி எளிதுதான். ஒரே சோதனை இரண்டு தடவை கோட்டைத் தாண்டினால், அல்லது இரண்டு வேறு சோதனைகள் சேர்ந்து தாண்டினால், நோய் உறுதி. ஒன்று தாண்டி இன்னொன்று தாண்டவில்லை என்றால், தாண்டியதையே மறுபடி எடுக்க வேண்டும். தாண்டாத எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவது சரியில்லை. தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு என்ற அறிகுறிகளோடு எந்த நேரத்திலாவது 200ஐத் தாண்டினால் மட்டும் இரண்டாவது சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

காய்ச்சலிலும், பெரிய நோயிலும், ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டிருக்கும்போதும் சக்கரை ஏறும். அதைச் சொல்லாமல் ரத்தம் கொடுத்தால் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. எங்களிடம் சொல்லுங்கள், ரிப்போர்ட்டில் குறித்துத் தருகிறோம்.

முழு உடல் பேக்கேஜ் பற்றியும் கேட்கிறார்கள். "சாதாரண அளவு" என்று ரிப்போர்ட்டில் வரும் வரம்புகள் பெரும்பாலும் ஆரோக்கியமான 100 பேரில் 95 பேர் அடங்கும்படி போட்டவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே நாளில் எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வரும் வாய்ப்பு 64 சதவீதம். அதைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், மறுபடி ரத்தம் என்று செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். தேவையான இரண்டை எடுத்து, அந்த இரண்டையும் புரிந்துகொள்ளுங்கள்.

## யாருக்கு எது

என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். முப்பது வயது தாண்டி, இதுவரை பார்த்ததே இல்லை, ரத்தசோகையும் இல்லை என்பவர் வெறும்வயிறும் எச்பிஏ1சியும் ஒரே நாளில் எடுக்கலாம். இரண்டும் கோட்டுக்குக் கீழே நன்றாக விலகி இருந்தால் அந்த வருடம் கவலை இல்லை. பணம் இடித்தால் எச்பிஏ1சியை விட்டுவிட்டு, அரசு மருத்துவமனையில் வெறும்வயிறும் குளுக்கோஸ் சோதனையும் எடுங்கள், தகவல் ஒன்றும் குறைந்துவிடாது. அரைநாள் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போகும் பெண், சீக்கிரம் களைத்து மூச்சு வாங்குகிறவர், சிறுநீரக நோயாளி, ரத்தம் ஏற்றியவர்: எச்பிஏ1சியை ஒதுக்குங்கள், குளுக்கோஸ் எண்களை மட்டும் பாருங்கள். அல்லது முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே மருந்தில் இருப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, நடுவில் டாக்டர் சொன்னபடி மீட்டர். பெற்றோருக்குச் சக்கரை உண்டு, தொப்பை உண்டு, ஆனால் வெறும்வயிறு எப்போதும் 95தான் என்று தெம்பாக இருப்பவர் ஒரு தடவையாவது குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் சக்கரை வந்துபோன பெண்ணும் அப்படித்தான். பிரசவம் முடிந்ததும் எல்லோரும் குழந்தையைப் பார்க்கிறார்கள், அவளை மறந்துவிடுகிறார்கள்.

நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. அந்த 13 கோடிப் பேரும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள். ஒரு எண் இந்தப் பக்கம் சாய்ந்தால் பயம், அந்தப் பக்கம் சாய்ந்தால் அலட்சியம் என்று அவர்களை அலைக்கழிப்பது கொடுமை.

அந்தத் தறி அக்காவுக்கு அன்றே ஹீமோகுளோபின் பார்த்தேன். 8.9. ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், சோறு சாப்பிடச் சொன்னார். ஐந்து மாதம் கழித்து வந்தபோது ஹீமோகுளோபின் 12.1. எச்பிஏ1சி 6.1. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 158. நோய் இல்லை. ஆனால் கவலையே வேண்டாம் என்று சொல்லும் எண்ணும் இல்லை. நடக்கச் சொல்லி, எடை குறைக்கச் சொல்லி, வருடம் ஒருமுறை பார்க்கச் சொன்னார் டாக்டர்.

"அப்போ சக்கரை இருக்குதா, இல்லியா?"

"இன்னும் வரலைங்க்கா. வர்ற வழியில நிக்குது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பொங்க லீவு முடிஞ்சு வாரேன் கண்ணு. வெறும்வயித்தோடதானே?"

"ஆமாங்க்கா. அதுக்கு முந்தின மூணு நாளும் சோறு வழக்கம்போலச் சாப்பிடணும், ஞாபகம் வெச்சுக்குங்க."